முதல் பக்கத்து நோட்டு

கும்மிடிப்பூண்டி
14 ஜூன் 2025, சனிக்கிழமை

அன்புள்ள ராபின் அண்ணனுக்கு,

கிரேஸ் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. என் நம்பரையும் பிரின்சி நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டு நீ ஆர்.கே.பேட்டையில் நிம்மதியாக மைக் செட் கட்டிக்கொண்டிருந்தால், நான் என்ன புறாவா விட முடியும்? அப்பாவின் நினைவு நாள் ஜெபத்துக்கு வந்தவன் பிரியாணியைத் தொடாமல் எழுந்து போனாயே, அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. இப்போது அந்த ரோஷத்தைப் பயம் தின்றுவிட்டது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ரூபாய் நோட்டு ஆல்பத்தை விற்கப் போனேன். அன்றைக்கு நீ வேண்டாம் என்று கத்தியதும் நினைவிருக்கிறது, பதிலுக்கு நான் கத்தியதும் நினைவிருக்கிறது. ஆனால் என் பெண் பிரின்சிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் விற்க வேறு என்ன இருக்கிறது சொல்? இவர் லாரியில் கம்பி ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போயிருக்கிறார். திரும்பி வர இன்னும் நாளாகும். கேட்டதற்கு "உங்க அப்பா சொத்து, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்டக்டர் பையில் வந்த பிழை நோட்டையெல்லாம் அப்பா தன் காசைப் போட்டு மாற்றி எடுத்து வைத்தார். ஒரு பக்கம் அச்சே விழாதது, நம்பர் கோணிப் போனது, ஓரத்தில் காது மாதிரி காகிதம் நீண்டது. "செல்லாக்காசு ராஜமாணிக்கம்" என்று டிப்போவே கேலி பண்ணியது, நாமும் கூடச் சேர்ந்து சிரித்தோம். இன்றைக்கு அதற்கு அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று பிரின்சிதான் ஃபேஸ்புக்கில் காட்டினாள். படம் எடுத்துப் போட்டோம்.

அன்றைக்கே "ஓசன்னா கலெக்‌ஷன்ஸ்" என்று ஒருவர் பேசினார். முதல் வார்த்தையே "ஸ்தோத்திரம் சிஸ்டர்". எனக்கு அங்கேயே மனசு இளகிவிட்டது. பிறகு பேசும்போதெல்லாம் எந்தச் சபை, பாஸ்டர் யார், வெள்ளிக்கிழமை ஏன் போன் எடுக்கவில்லை என்றெல்லாம் விசாரித்தார். வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் ஜெபம் பிரதர் என்று பெருமையாகச் சொன்னேன். பிள்ளை படிப்புக்கு ஜெபிக்கிறேன் என்றார். வேறு ஆளாக இருந்தால் ஊர் என்ன, பேர் என்ன என்று குடைந்திருப்பேன். ஸ்தோத்திரம் சொல்கிறவரிடம் என்னத்தைக் கேட்பது?

அசல்தானா என்று பார்க்க ஒரு நோட்டை மட்டும் அனுப்பச் சொன்னார். கூரியர் ஆபீசிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார், அப்படியே அனுப்பினேன். கவர் மேல் அனுப்புநர் இடத்தில் நம் வீட்டு முழு விலாசத்தையும் என் கையாலேயே எழுதினேன். பிறகு முழு ஆல்பத்துக்கும் பணம் போட்டதாக ஒரு ரசீதுப் படம் வந்தது. பேங்கில் போய்க் கேட்டால் ஒன்றும் வரவில்லை. "மாட்டிக்கினு இருக்குது சிஸ்டர், இந்த லிங்கைத் தொடுங்க, ரிலீஸ் ஆயிடும்" என்றார். தொட்டேன். போன் அடுப்பாகச் சுட்டது. அதற்குப் பிறகு ஆல்பத்தை அனுப்பு, ஆல்பத்தை அனுப்பு என்று ஒரே மெசேஜ். பணம் வந்தால்தான் என்று உறுதியாகச் சொன்னேன். "பரவால்ல சிஸ்டர், நேர்ல வாங்கிக்கிறேன்" என்று போட்டுவிட்டு அடங்கிவிட்டார். பீடை ஒழிந்தது என்று நினைத்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல கதவைத் திறந்து போட்டுப் பாய் விரித்தோம். யார் வந்தாலும் உட்காரலாம், யார் நீ என்று கேட்பது நம்மிடம் வழக்கம் இல்லை, உனக்கே தெரியும். வாசல் ஓரம் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, ஜிப் வைத்த பைபிள், பார்க்க ஸ்கூல் வாத்தியார் மாதிரி. தமிழ்செல்வி அக்காவுக்கு முட்டி வலி என்று தன் நாற்காலியை எழுந்து கொடுத்தார். பாட்டெல்லாம் புத்தகம் பார்க்காமல் பாடினார். கம்பெனி ஆளாக இருக்கும், வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாட்சி சொல்கிற நேரம் வந்தது. அவர் எழுந்தார். "ஒரு சகோதரியைக் கர்த்தர் எனக்குக் காட்டினாரு. அவங்க அப்பா சேத்து வெச்ச பொக்கிஷம் அவங்க ஊட்லயே சும்மா கெடக்குது. அத சீக்கிரமா என் கையில குடுத்துடுவாங்கன்னு விசுவாசிக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு, வயசுக்கு வந்த அந்தப் பொண்ணுக்கு, எந்தக் கெடுதியும் வரக் கூடாதுன்னு எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அண்ணே, பழக்க தோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

டீ கொடுப்பதற்குள் ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது. "டீ குடிக்காம வந்துட்டேன் சிஸ்டர். வேற வெள்ளிக்கிழமை குடிக்கிறேன்."

போனை அணைத்துவிட்டேன். பிரின்சி போனையும் பிடுங்கி அணைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உன்னிடம் பேசலாம்தான், அந்த நம்பரும் அவன் கைக்குப் போய்விடுமோ என்று கேட்கவில்லை. அதனால்தான் தாள்.

இந்தத் தாளின் வலது மூலையைக் கிழித்திருக்கிறேன், பார். நம் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா மூலையைக் கிழித்து "டிக்கெட் ஆச்சு, ஏறிக்கோ" என்பாரே. டீச்சரிடம் திட்டு வாங்கியது நாம். நீயும் கிழித்து அனுப்பு. கோபம் இருந்தாலும் கிழி.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
கிரேஸ்

---

ஆர்.கே.பேட்டை
18 ஜூன், புதன்

பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் பாதியைப் படித்துக் கோபம் வந்தது, மறு பாதியைப் படித்துக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். சொல்லச் சொல்லக் கேட்காமல் அப்பா சேர்த்ததைச் சந்தையில் கொண்டுபோய் வைத்தாயே, நீ யாரைக் கேட்டு வைத்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, பிளாக் பண்ணியிருந்தேன். அண்ணியிடம் சொல்லியிருக்கலாமே! அவளையும் நான்தான் உன்னிடம் பேசக் கூடாது என்றேன். அதையும் சரி என்று வை.

ஸ்தோத்திரம் சொன்னானாம், இவள் விலாசம் எழுதிக் கொடுத்தாளாம். நான் பெரியபாளையம் ஆடித் திருவிழாவுக்கு மைக் கட்டுகிறேன், கல்யாணத்துக்குக் கட்டுகிறேன், கட்சிக் கூட்டத்துக்கும் கட்டுகிறேன். மைக்குக்கு எல்லாரும் ஒன்று. "ஸ்தோத்திரம்", "ஓம் சக்தி", "தோழர்களே" எதைச் சொன்னாலும் என் ஸ்பீக்கர் ஒரே மாதிரிதான் கத்தும். சொல்லை வைத்து ஆளை எடை போடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியதைக் கேள். ஒன்று, ஸ்டேஷனுக்குப் போ. பயப்படாதே, தப்பு செய்தது அவன். இரண்டு, ஆல்பத்தை பீரோவிலிருந்து எடுத்து வேறு எங்காவது வை. பீரோவில்தான் வைத்திருப்பாய், உன்னைத் தெரியாதா. பிரின்சியைத் தனியாக டைப் கிளாசுக்கு அனுப்பாதே.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கடிதத்தைப் படித்த கையோடு கூப்பிட்டேன், அணைந்திருக்கிறது. இது கைக்கு வந்ததும் போனைப் போடு, நான் பேசுகிறேன். ஒரு பத்து நிமிஷம் பேசினால் தீர்ந்துவிடும், இதற்குப் போய்க் கடிதம் எழுதிக்கொண்டு.

ஒன்று கேட்க வேண்டும். மாதிரிக்கு ஒரு நோட்டு அனுப்பினேன் என்றாயே, எந்த நோட்டு? எழுது.

மூலையைக் கிழித்திருக்கிறேன். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே கிழிந்துவிட்டது.

ராபின்

---

கும்மிடிப்பூண்டி
22 ஜூன், ஞாயிறு

அண்ணே,

முதலில் இதற்குப் பதில் சொல். நேற்று நீ எனக்குப் போன் பண்ணினாயா?

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நீ சொன்னபடி போனைப் போட்டேன். உன் நம்பரைத் தேடி எடுப்பதற்குள் புது நம்பரிலிருந்து ஒரு கால். எடுத்தேன். நீ பேசினாய். உன் குரல், அண்ணே. அதே கரகரப்பு, பேசும்போது நடுவில் ஒரு இழுவை விடுவாயே, அதுவும்.

"கிரேஸ், நான் ராபின் பேசுறேன். அந்த பிரதர்கிட்ட நான் பேசிட்டேன். நல்ல மனுஷன். ஆல்பத்தை அவர்கிட்ட குடுத்துடு. பயப்படாத."

எனக்கு உயிரே வந்தது. அண்ணன் பேசிவிட்டான், இனி எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சரி அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் உறைத்தது. நீ என்னை எப்போது கிரேஸ் என்று கூப்பிட்டிருக்கிறாய்? எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை காலேஜ் போகிற வயசாகியும் உனக்கு நான் பாப்பாதான். சண்டையில் கூட "வாய மூடு பாப்பா" என்றுதான் கத்துவாய்.

"அண்ணி எப்படிக்கீது?" என்று கேட்டேன். திரும்பவும் "கிரேஸ், ஆல்பத்தை அவர்கிட்ட குடுத்துடு" என்றது. போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். பிரின்சி "இன்னாம்மா, மாமாதானே பேசிச்சு?" என்கிறாள்.

கையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள். இப்போதெல்லாம் யாருடைய குரலை வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் செய்துவிடுவார்களாம், பேசுகிற வீடியோ ஒன்று கிடைத்தால் போதுமாம். ஃபேஸ்புக்கில் உன் வீடியோ எத்தனை கிடக்கிறது! திருவிழா அறிவிப்பு, கன்வென்ஷன் பாட்டு, எல்லாவற்றிலும் என் பேரைச் சேர்த்துப் போட்டிருப்பாய். லிங்கைத் தொட்டதில் என் போனில் இருந்த பேர் நம்பரெல்லாம் அவனுக்குப் போயிருக்கும் என்றார்கள். என் போனையும் பிரின்சி போனையும் சோதனைக்கு வாங்கி வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். யாருக்கும் கதவைத் திறக்காதே என்றார்கள்.

நான் அழுதேன். ஸ்டேஷனில் இல்லை, ஆட்டோவில் வரும்போது. பணம் போனால் சம்பாதிக்கலாம். உன் குரலைக் கேட்டு நான் பயந்தேன் பார், அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? நம் இரண்டு பேருக்கும் அப்பா அம்மா இல்லை. எனக்கு இருக்கிற ஒரே பிறந்த வீட்டுக் குரல் அது.

இனிமேல் எனக்குப் போன் வேண்டாம். யார் போனில் நீ பேசினாலும் நம்ப மாட்டேன். உன் கையெழுத்து, கிழிந்த மூலை, இவை இரண்டும்தான் நீ.

ஆல்பத்தை வேறு இடத்தில் வைத்துவிட்டேன். எங்கே என்று இதில் எழுத மாட்டேன்.

கிரேஸ்

---

ஆர்.கே.பேட்டை
25 ஜூன், புதன்

பாப்பா,

சத்தியமாக நான் பேசவில்லை. அன்றைக்கு உன் நம்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், முதலில் பிஸி என்று வந்தது, பிறகு அணைந்துவிட்டது. பிஸி என்று வந்தபோது நீ என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் "நீ இனிமே மைக்கைத் தொடாத" என்று அழுகிறாள். என்னத்தைச் சொல்ல. பெரியபாளையத்தில் ஆடி மாசம் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை என்னிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். "சிவப்புச் சட்டை போட்ட குழந்தை மைக் செட் கொட்டகையில் இருக்கிறது, பெற்றோர் பயப்படாமல் வரவும்" என்பேன். அந்தப் பயப்படாமல் என்ற வார்த்தைக்கே அம்மாக்கள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே ஓடி வருவார்கள். என் குரலுக்கு அவ்வளவு மரியாதை என்று நானும் இத்தனை வருஷம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அதே குரலில் உன்னிடம் ஒருத்தன் பயப்படாத என்று சொல்லியிருக்கிறான். வாயைக் கழுவினால் போகுமா இது?

நேற்று மண்டபத்தில் மைக் டெஸ்ட் பண்ணும்போது என் குரல் எனக்கே வேறு யாரோ மாதிரி கேட்டது. பையனை விட்டுப் பேசச் சொன்னேன்.

கேள். இந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தைத் தமிழ்செல்வி அக்கா வீட்டுக்கு மாற்றச் சொல்லிப் பாஸ்டரிடம் பேசு. நான் இப்போதே வந்துவிடுவேன், ஆனால் திருத்தணியில் ஒரு பெரிய கல்யாணம், செட்டெல்லாம் கட்டியாகிவிட்டது, பாதியில் விட்டு வந்தால் அந்தப் பெண் வீட்டுக்காரர் நடுத்தெருவில் நிற்பார். அடுத்த வெள்ளிக்குள் வந்துவிடுகிறேன். மாப்பிள்ளை திரும்பும்வரை உங்களோடுதான் இருப்பேன். அவன் வந்து டீ கேட்கட்டும், நானே ஊற்றிக் கொடுக்கிறேன்.

பிரியாணியைத் தொடாமல் போனதற்கு நீ இன்னும் திட்டவில்லை. வந்தால் திட்டு.

எந்த நோட்டை அனுப்பினாய் என்று கேட்டிருந்தேன், பதில் இல்லை. முதல் பக்கத்தில் இருக்குமே, பின்பக்கம் வெறுமையாக இருக்கிற அந்த இரண்டு ரூபாய் நோட்டு, அது இல்லையே? மற்றதையெல்லாம் விற்றுக்கொள் பாப்பா, பிரின்சி படிக்கட்டும், நான் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதை மட்டும் விற்காதே. காரணத்தை நேரில் சொல்கிறேன்.

ராபின்

---

கும்மிடிப்பூண்டி
28 ஜூன், சனி

அண்ணே,

நேற்று நீ வந்தாய்.

அதாவது, நீ வரவில்லை. ஒழுங்காகச் சொல்கிறேன், கேள்.

உன் கடிதம் நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டது. அண்ணன் வரப் போகிறான் என்ற தெம்பில் பிரின்சிக்கு நல்ல நாஷ்டா செய்து போட்டேன். சாயந்திரம் ஜெபம் தமிழ்செல்வி அக்கா வீட்டில். நாங்கள் போகவில்லை, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகப் பயம். தெருவில் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். முதல் முறையாக வெள்ளிக்கிழமை நம் கதவு சாத்தியிருந்தது. பின்தெருவில் அவர்கள் பாடுவது கேட்டது, நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தோம்.

கேட் சத்தம் கேட்டது. செருப்புக் கழற்றுகிற சத்தம். பிறகு கதவை இரண்டு தட்டு.

"கிரேஸ், நான் ராபின் வந்துக்கிறேன். கதவைத் தொற."

பிரின்சி "மாமா!" என்று துள்ளிக்கொண்டு ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். நானும்தான் எழுந்தேன் அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் சீக்கிரம் முடிந்து வந்துவிட்டான் போல என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. அதற்குள் கிரேஸ் என்ற அந்தப் பேர் முள்ளாகக் குத்தியது. ஓடிப் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயையும் பொத்தினேன்.

"கிரேஸ், நான் ராபின் வந்துக்கிறேன். கதவைத் தொற."

அதே வேகம், அதே மூச்சு, அதே இடத்தில் அதே இழுவை. ஒரு மனுஷன் இரண்டு தடவை கூப்பிட்டால் இரண்டாவதில் கொஞ்சமாவது எரிச்சல் வரும். உனக்கு வண்டி வண்டியாக வரும். இதில் ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவையும் அதே. கதவுக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு யாரோ நிற்கிறான், உன் குரல் மட்டும் பேசுகிறது. பிரின்சிக்கும் புரிந்துவிட்டது. தாழ்ப்பாளிலிருந்து தானாகவே கையை இறக்கினாள்.

பிறகு அவனுடைய சொந்தக் குரல், மெதுவாக. "அப்பா சேத்து வெச்சத அவ்ளோ பத்திரமா வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க சிஸ்டர்? பாப்பா காலேஜ் போகணும் இல்ல?" அவன் பாப்பா என்றது பிரின்சியை. என்னை அந்த வார்த்தையே அறுத்துவிட்டது.

ஜெபம் முடிந்து தெருவில் ஆள் சத்தம் கேட்டதும் போய்விட்டான். தமிழ்செல்வி அக்கா வந்து பின்பக்க ஜன்னல் வழியாகப் பேசும்வரை நாங்கள் தரையை விட்டு எழவில்லை. ஸ்டேஷனிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தெருவில் ரோந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தார்கள்தான். ஆனால் ரோந்து வண்டி போன பிறகும் தெரு இருக்கிறதே.

நீ வா அண்ணே. சீக்கிரம் வா. ஆனால் வந்து என்னைக் கூப்பிடாதே. தட்டாதே. உன் குரலில் நீயே பாப்பா என்று கூப்பிட்டாலும் இனி நான் திறக்க மாட்டேன், அந்தப் பேரும் அவன் வாய்க்குப் போய்விட்டது. ஒரு தாளில் எழுதிக் கதவடியில் தள்ளு. மூலையைக் கிழித்திரு. உன் கையெழுத்தைப் பார்த்த பிறகு திறக்கிறேன். அண்ணனை வாசலில் நிற்க வைக்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே.

நீ இரண்டு தடவை கேட்டதற்கு நான் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதிவிடுகிறேன். அனுப்பியது அதுதான். முதல் பக்கத்து இரண்டு ரூபாய். அதைத்தான் அவன் கேட்டான், பின்பக்கம் அச்சில்லாததுக்குத்தான் மதிப்பு என்றான். அது போய்விட்டது. ஸ்டேஷனில் கூட அது திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் விற்கக் கூடாது என்று அந்தத் தாளிலேயே எழுது. நேரில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கிரேஸ்

---

உன் வாசல்
வெள்ளி, ஜெப நேரம்

பாப்பா,

இது ராபின். பாதியைப் பஸ்ஸிலேயே எழுதினேன், எழுத்து குதித்தால் பெரியபாளையம் ரோட்டின் குற்றம். கூப்பிடவில்லை, தட்டவில்லை. உன் பேர் தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா என்னிடம் சொன்னது, அவர்கள் கல்யாணத்துக்கு முந்திய கதை. அம்மா அப்போது நாற்று நடப் போகிற பெண், ஞானஸ்நானத்துக்கு முன்பு குப்பம்மாள். அப்பா கண்டக்டராக இருந்த பஸ்ஸில் ஏறி அந்த நோட்டைக் கொடுத்திருக்கிறாள். பின்பக்கம் அச்சே இல்லை. செல்லாதும்மா என்று அப்பா சொன்னதற்கு, "ஒரு நாள் பூரா குனிஞ்சதுக்குக் குடுத்த கூலி இது, செல்லாதுன்னு நீ எப்புடிச் சொல்லுவ?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போட்டிருக்கிறாள். அப்பா தன் பாக்கெட்டிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்துப் பையில் போட்டுவிட்டு அந்த நோட்டை வைத்துக்கொண்டார். டிக்கெட்டின் மூலையைக் கிழித்து "ஏறிக்கோ" என்றாராம். ஏற்கனவே ஏறி நிற்கிறவளிடம் ஏறிக்கோ என்றால் சிரிக்க மாட்டாளா? சிரித்திருக்கிறாள். அதுதான் முதல் பக்கம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்த பழக்கம். உனக்குச் சொன்னால் அழுவாய் என்று என்னோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அது போனால் போகட்டும். அம்மாவே வந்து பார்த்தாலும் நோட்டையா கேட்பாள், உன்னைத்தான் கேட்பாள்.

இனி எழுதுவது வாசலில் நின்று. தெரு முனையில் ஒருத்தன் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஜிப் வைத்த பைபிள். என்னைப் பார்த்தும் அவன் போகவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது பாப்பா, பயப்படாமல் வரவும் என்று இத்தனை நாள் மைக்கில் சொன்னவன் சொல்கிறேன்.

மூலையைக் கிழித்துவிட்டேன். இதைத் தள்ளிவிட்டு அவன் பக்கம் திரும்பி நிற்பேன், என் முதுகு உன் கதவில் இருக்கும். திறந்தால் கைக்குத் தட்டுப்படும். திற.

அண்ணன்